புரோகோஃபீவின் காகிதங்கள்: ஓர் இசையமைப்பாளரின் ஆவணத் தொகுப்பு நூலகத்தில் எப்படிக் காக்கப்படுகிறது?

ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் புரோகோஃபீவ் கையெழுத்திடும்போது தன் பெயரில் உள்ள உயிரெழுத்துகளை விட்டுவிடுவார். தமிழில் அதைக் காட்ட வேண்டுமானால் 'ப்ர்க்ஃப்வ்' என்று புள்ளி வைத்த எழுத்துகளை அடுக்க வேண்டும். நாட்குறிப்பிலும் பெரும்பகுதியை இப்படித்தான் எழுதினார். 1907 முதல் 1933 வரையிலான அந்தக் குறிப்பேடுகளை அவருடைய மகன் ஸ்வியதோஸ்லாவ் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்து, 2002இல் பாரிஸிலிருந்து ரஷ்ய மொழியில் வெளியிட்டார். அப்போது இசையமைப்பாளர் இறந்து 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.

புரோகோஃபீவ் 1936இல் சோவியத் நாட்டுக்கே திரும்பிக் குடியேறியபோது இந்தக் குறிப்பேடுகளைக் கூடவே கொண்டுபோகவில்லை. அவை அமெரிக்காவில் ஒரு பாதுகாப்புப் பெட்டகத்தில் இருந்தன. 1953இல் அவர் இறந்தபின் மாஸ்கோவின் அரசு இலக்கிய, கலை ஆவணக்காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. குடும்பத்தார் தவிர வேறு யாரும் பார்க்க முடியாதபடி மூடி வைக்கப்பட்டன. இத்தனை ஆண்டுகளும் ஈரம் படாமல், மை கரையாமல், தாள் இடம் மாறாமல் அவை இருந்ததால்தான் மகனால் படிக்க முடிந்தது. அப்படி இருப்பது தானாக நடப்பதில்லை. அதற்குப் பின்னால் என்ன வேலை இருக்கிறது என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்குகிறோம்.

தொகுப்பில் என்னென்ன இருக்கும்?

அச்சிட்ட நூல் ஒன்று தொலைந்தால் இன்னொரு பிரதியைத் தேடலாம். ஆவணத் தொகுப்பில் இருப்பவை ஒரே ஒரு பிரதி உடையவை. இசையமைப்பாளர் என்றதும் இசைக்குறிப்புக் கைப்பிரதிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெட்டிகளில் பெரும் இடத்தைப் பிடிப்பவை வேறு: வந்த கடிதங்கள், அனுப்பிய கடிதங்களின் கார்பன் காப்பிகள், பதிப்பாளர் ஒப்பந்தங்கள், ராயல்டிக் கணக்குகள், கச்சேரி நிகழ்ச்சித் தாள்கள், செய்தித்தாள் நறுக்குகள், தந்திகள், பாஸ்போர்ட்டுகள், ஒளிப்படங்கள், ஒலித்தட்டுகள்.

இசைத் தாள்களுக்குள்ளேயே பல வகை உண்டு. முதலில் மெட்டுத் துணுக்குகள் எழுதிய ஓவியக் குறிப்பு போன்ற வரைவு. பிறகு பியானோவில் வாசிக்கத்தக்க சுருக்கப் படி. அதன்பின் எல்லா வாத்தியங்களுக்கும் வரி பிரித்த முழு இசைக்குறிப்பு. கடைசியாக, வயலின்காரருக்கு வயலின் வரி மட்டும், கிளாரினெட்காரருக்கு அவர் வரி மட்டும் எழுதிக் கொடுத்த பாகங்கள். இவற்றில் எது அசல் என்று முடிவு செய்வது புதியவர் நினைப்பதைவிடக் கடினமான காரியம்.

புரோகோஃபீவ் விஷயத்தில் இது கண்கூடு. சோவியத் காலத்தில் அவர் பல படைப்புகளைப் பென்சிலில், சில வரிகளுக்குள் அடங்கும் சுருக்கப் படியாக எழுதி, எந்த ஸ்வரம் எந்த வாத்தியத்துக்கு என்று பக்கத்திலேயே குறித்துவிடுவார். அதைப் பார்த்து மையில் முழுக்குறிப்பாக விரித்து எழுதியவர் பாவெல் லாம் என்ற இசையறிஞர். ஆகவே அழகான கையெழுத்தில், பெரிய தாளில் இருக்கும் முழுக்குறிப்பு இன்னொருவர் கை. அழுக்கான பென்சில் தாள்தான் இசையமைப்பாளரின் தீர்மானம். "இது வெறும் வரைவு" என்று பென்சில் கட்டை அடியில் தள்ளுபவர் தொகுப்பின் இதயத்தையே தள்ளிவிடுகிறார்.

ஏன் இத்தனை ஊர்களில் சிதறிக் கிடக்கிறது?

20ஆம் நூற்றாண்டு ரஷ்ய இசையமைப்பாளர்களின் காகிதங்களை ஓரிடத்தில் பார்ப்பது அரிது. புரட்சி, புலம்பெயர்வு, போர், கைது என்று ஒவ்வொன்றும் ஒரு பகுதியை எங்கோ கொண்டு சேர்த்திருக்கிறது. புரோகோஃபீவின் சோவியத் காலத் தாள்களின் பெரும் தொகுதி மாஸ்கோ அரசு இலக்கிய, கலை ஆவணக்காப்பகத்தில் 1929 என்ற எண்ணில் இருக்கிறது. (அது ஆண்டு அல்ல, தொகுதி எண். புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது.) அவர் வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துக் கடிதங்கள் வேறொரு வழியில் போயின. 1983இல் அவருடைய முதல் மனைவி லீனா நிறுவிய அறக்கட்டளையின் தொகுப்பு, முதலில் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் இருந்து, பிறகு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அரிய நூல் பிரிவுக்கு வந்தது. அவரை நெடுங்காலம் ஆதரித்த நடத்துனர் கூசெவிட்ஸ்கியின் தாள்கள் வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில். ஒரு கடிதத்தின் கேள்வி ஓர் ஊரிலும் பதில் இன்னோர் ஊரிலும் கிடப்பது இங்கே சாதாரணம்.

மற்றவர்கள் நிலையும் இதுதான். ரக்மானினோவ் 1917 டிசம்பரில் ரஷ்யாவை விட்டுப் போனார். அதற்கு முந்தைய கைப்பிரதிகள் பெரும்பாலும் மாஸ்கோவின் கிளிங்கா இசை அருங்காட்சியகத்தில்; அமெரிக்க வாழ்க்கையின் காகிதங்கள் காங்கிரஸ் நூலகத்தில். ஸ்ட்ராவின்ஸ்கியின் தொகுப்பை 1983இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள பால் சாகர் அறக்கட்டளை 52.5 லட்சம் டாலருக்கு வாங்கியது.

எங்குமே போய்ச் சேராதவையும் உண்டு. புரோகோஃபீவின் இரண்டாம் பியானோ கான்செர்டோவின் முழுக்குறிப்பு புரட்சிக்குப் பின் பெத்ரோகிராதில் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) அழிந்துபோனது. 1923இல் அவரே அதை மறுபடி எழுத வேண்டியிருந்தது. இன்று நாம் கேட்பது அந்த மறுபிறப்பைத்தான். 1913இல் ரசிகர்கள் கேட்ட வடிவம் நமக்கு இல்லை.

பெட்டி வந்த முதல் நாள்

தொகுப்பு மூன்று வழிகளில் வரலாம்: கொடை, விலை, வைப்பு. வைப்பு என்றால் உடைமை குடும்பத்திடமே இருக்கும். நூலகம் பராமரிப்பு மட்டும் செய்யும். எந்த வழியானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். யாருக்குச் சொந்தம், எதை எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும், தேவையற்ற இரட்டைப் பிரதிகளை என்ன செய்வது, படமெடுத்து இணையத்தில் போடலாமா என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். இதை வாய்மொழியாக விட்டுவிட்டால், அடுத்த தலைமுறை வாரிசு வந்து கேட்கும்போது நூலகத்திடம் பதில் இருக்காது.

பெட்டிகள் வந்ததும் நேரே சேமிப்பறைக்குள் போகக் கூடாது. தனி அறையில் வைத்துப் பூஞ்சணம், பூச்சி, ஈரம் மூன்றையும் பார்க்க வேண்டும். பூச்சி இருந்தால் தாள்களை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறைய வைப்பார்கள். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் வியர்த்துவிடும். கண்ணாடித் தகட்டு ஒளிப்படங்களும் ஒலித்தட்டுகளும் இந்த உறைவிப்புக்கு ஆகாதவை. அவற்றை முன்பே பிரித்துவிட வேண்டும்.

அடுத்தது மிக முக்கியம்: எதையும் கலைக்காதீர்கள். பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருப்பதை இருந்தபடியே படம் எடுங்கள். எந்தக் கட்டு எதன் மேல் இருந்தது, எந்தக் கடிதம் எந்த இசைக்குறிப்பின் நடுவே செருகியிருந்தது, உறையின்மேல் யார் என்ன எழுதினார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஆவணக்காப்புத் தொழிலின் இரண்டு அடிப்படை விதிகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன. ஒருவரிடமிருந்து வந்த காகிதங்களை இன்னொருவருடைய காகிதங்களோடு கலக்கக் கூடாது. உரியவர் வைத்திருந்த வரிசை தெரிந்தால் அந்த வரிசையை மாற்றக் கூடாது.

இந்த இரண்டாவது விதியைப் புதியவர்கள்தான் முதலில் மீறுவார்கள், அதுவும் நல்ல எண்ணத்தோடு. எல்லாக் கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கினால் வசதிதானே என்று தோன்றும். ஆனால் தேதியில்லாத ஒரு கடிதம் 1926ஆம் ஆண்டுக் கட்டில் இரண்டு கச்சேரி ரசீதுகளுக்கு இடையில் இருந்தது என்பதே அதன் தேதிக்கான சான்று. அதை உருவி எடுத்து "தேதியற்றவை" என்ற உறையில் போட்ட கணத்தில் அந்தச் சான்று போய்விடுகிறது. கிழிந்த தாளை ஒட்டிவிடலாம். கலைந்த வரிசையை ஒட்டுவதற்கு எந்தப் பசையும் கிடையாது.

தாளும் மையும்

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து காகிதம் மரக்கூழிலிருந்து வரத் தொடங்கியது. மை பரவாமல் இருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். இதனால் தாளுக்குள்ளேயே அமிலம் உருவாகி, நார்களை மெல்ல அறுக்கிறது. ஓரம் பழுப்பாகி, மடித்த இடத்தில் அப்பளம் போல் உடைவது இதன் விளைவு. போர்க்காலத்துச் சோவியத் தாள் இன்னும் மோசம். செய்தித்தாள் நறுக்கு எல்லாவற்றிலும் கேடு: அதன் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவி, நறுக்கின் அளவிலேயே ஒரு பழுப்புச் சதுரத்தை அச்சிட்டுவிடும். நறுக்கை அமிலமற்ற தாளில் நகலெடுத்து அந்த நகலை அதே இடத்தில் வைத்து, அசலைத் தனி உறைக்கு மாற்றுவது வழக்கம். மாற்றினேன் என்ற சீட்டு அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இரும்பு மை என்பது கடுக்காய் போன்ற துவர்ப்புக் காய்களின் சாறும் அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பும் கோந்தும் சேர்ந்தது. எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டுக் கறுக்கும். நாளடைவில் அதன் அமிலமும் இரும்பும் சேர்ந்து தாளைத் தின்னும். இசைக்குறிப்பில் ஆபத்து இரட்டிப்பு. ஸ்வரத் தலைகளை உருட்டி நிரப்பும் இடத்தில் மை கனமாகத் தேங்கும், அந்தப் புள்ளிகளே முதலில் ஓட்டையாகும். இப்படிப்பட்ட தாளை ஈரப்படுத்தினால் கரையும் இரும்பு அயனிகள் சுற்றிலும் பரவி, சேதம் எழுத்துக்கு வெளியேயும் போகும். அதனால் கோதுமை மாவுப் பசை போன்ற நீர்ப்பசைகளை இதன்மேல் நேரடியாகத் தடவுவதில்லை. மிக மெல்லிய ஜப்பானியத் தாளில் முன்பே ஜெலட்டின் பூசி உலர்த்தி, சற்றே நனைத்து ஒட்டுவார்கள். இரும்பு இருக்கிறதா என்று பார்க்கப் பாத்தோஃபீனாந்த்ரோலின் தோய்த்த சோதனைத் தாள் உண்டு. சிறு துண்டைச் சற்றே ஈரமாக்கி வைத்தால், கரையும் இரும்பு இருக்கும்போது இளஞ்சிவப்பாகும்.

ரஷ்யத் தாள்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே 'ரசாயனப் பென்சில்' என்று அழைக்கப்பட்ட நகல் பென்சில் பரவலாகப் புழங்கியது. உலர்ந்த நிலையில் சாதாரணப் பென்சில் கோடு போலவே தெரியும். ஒரு சொட்டு நீர் பட்டாலோ ஊதாவாகக் கரைந்து ஓடும். பென்சில்தானே, நீருக்கு அஞ்ச வேண்டாம் என்று நினைத்துப் பழுதுபார்க்க இறங்குபவர் ஒரு பக்கத்தையே இழக்கலாம். உருப்பெருக்கியில் ஊதா மினுக்கம் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அசலான கரிப் பென்சிலின் எதிரி தேய்ப்பு. பென்சில் எழுத்துள்ள தாளைப் பாலியெஸ்டர் உறைக்குள் போடாதீர்கள். அந்த நெகிழியில் உள்ள நிலைமின்சாரம் கரித்துகளைக் கவர்ந்து எடுக்கும். அமிலமற்ற தாள் உறையே போதும். தூசி துடைக்கும்போது மென்தூரிகையை ஓரத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். அழிப்பான் எழுத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது. இசையமைப்பாளர் அழித்த ஸ்வரத்தின் தடம்கூட ஆய்வாளருக்குத் தகவல்தான்.

துருப்பிடித்த கம்பி ஊசிகளை (ஸ்டேப்ளர் பின்களை) நகத்தால் பிடுங்கினால் தாள் கிழியும். கம்பியின் கால்களுக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய நெகிழித் துண்டைச் செருகி, தட்டையான சிறு கரண்டியால் கால்களை நிமிர்த்திவிட்டு, மறுபக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். செல்லோ டேப் ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். அது கரைப்பான் தெரிந்த பழுதுபார்ப்பாளரின் வேலை. புதிதாக டேப் ஒட்டுவது எக்காலத்திலும் தவறு, பெட்டியின்மேல் 'ஆவணத்துக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருந்தாலும்கூட.

இசைக் கைப்பிரதியில் மட்டும் அதிகம் காணப்படும் ஒன்று: ஒட்டுத்தாள். இசையின் சில தாளக் கட்டங்களை மாற்ற நினைத்தவர், மேலே ஒரு துண்டை ஒட்டி அதில் புதிதாக எழுதியிருப்பார். அடியில் என்ன இருக்கிறது என்ற ஆவலில் அதைப் பிரிக்கக் கூடாது. பின்னாலிருந்து ஒளி பாய்ச்சிப் படம் எடுத்தால் பெரும்பாலும் இரண்டு அடுக்கையும் படிக்க முடியும். ஒட்டு தானாக விழுந்திருந்தால், அது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருந்தது என்று எழுதி அங்கேயே ஒரு சிறு உறையில் வையுங்கள்.

கையுறை பற்றிப் பலர் கேட்பதால் ஒரு சொல். பருத்திக் கையுறை விரலின் உணர்வைக் குறைக்கும், உடையும் ஓரத்தில் நூல் மாட்டும். தாளுக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கையே நல்லது. ஒளிப்படத்துக்கும் ஒலித்தட்டுக்கும் நைட்ரைல் கையுறை.

பெட்டி, அறை, காற்று

உறைகளும் பெட்டிகளும் அமிலமும் லிக்னினும் (தாளைப் பழுப்பாக்கும் மரப்பொருள்) இல்லாதவையாக இருக்க வேண்டும். தாளுக்கான உறையில் கால்சியம் கார்பனேட் சேர்ந்திருப்பது நல்லது. அது வெளியேறும் அமிலத்தைச் சமப்படுத்தும். ஒளிப்படத்துக்கோ அந்தக் காரம் சேர்க்காத உறை. ஓர் உறையில் ஒரு செ.மீ. கனத்துக்கு மேல் அடைக்க வேண்டாம். உடையும் தாளானால் அதிலும் பாதி. நிமிர்த்தி வைக்கும் பெட்டி சுமார் 12 செ.மீ. அகலம். அது பாதி காலியாக இருந்தால் தாள்கள் வளைந்து சரியும், பிதுங்கினால் எடுக்கும்போது கிழியும். காலி இடத்தை மடித்த அட்டையால் நிரப்புங்கள். பெரிய அளவு ஆர்க்கெஸ்ட்ரா தாள்களை நிறுத்தக் கூடாது, படுக்க வைத்த தட்டைப் பெட்டியே சரி. உறைக்குள் அடங்கவில்லை என்று மடிப்பது, அங்கே ஒரு பிளவுக்கு நாள் குறிப்பதற்குச் சமம்.

சேமிப்பறை 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே, ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள். எண்ணைவிட ஏற்ற இறக்கம்தான் கெடுதல். தாள் ஈரத்தை உறிஞ்சி விரிந்தும் விட்டுச் சுருங்கியும் களைத்துப்போகிறது. 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் வரும். கண்காட்சியில் வைக்கும் கைப்பிரதிக்கு 50 லக்ஸ் ஒளி போதும், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும்.

தண்ணீரும் தீயும் வருமென்று நினைத்தே திட்டம் போட வேண்டும். 1988 பிப்ரவரியில் லெனின்கிராதின் (அதே பீட்டர்ஸ்பர்க்) அறிவியல் அகாதெமி நூலகம் தீப்பிடித்தபோது எரிந்தவற்றைவிட நீரில் நனைந்த நூல்கள் பல மடங்கு. நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். அதற்குள் காயவைக்க முடியாதவற்றை உறைய வைத்து நேரம் வாங்குவதே வழி. போர் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ரஷ்யாவில் எடுத்துக்காட்டு உண்டு. 1941இல் கிளின் நகரில் இருந்த சைகோவ்ஸ்கி வீட்டு அருங்காட்சியகத்தின் கைப்பிரதிகளும் பொருள்களும் அவர் பிறந்த ஊரான வோட்கின்ஸ்குக்கு முன்கூட்டியே அனுப்பப்பட்டன. பிறகு ஜெர்மன் படை அந்த வீட்டின் கீழ்த்தளத்தை மோட்டார் சைக்கிள் கொட்டகையாக்கியது. எதை முதலில் ஏற்றுவது என்ற முன்னுரிமைப் பட்டியல் இன்றும் ஒவ்வொரு காப்பகத்திலும் இருக்க வேண்டும்.

பட்டியல் இல்லாத பெட்டி தொலைந்த பெட்டி

ரக்மானினோவின் முதல் சிம்பொனி 1897இல் பீட்டர்ஸ்பர்கில் அரங்கேறிப் படுதோல்வி அடைந்தது. முழுக்குறிப்பு காணாமல் போனது. அவர் இறந்தபின், லெனின்கிராத் கன்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரியின் நூலகத்தில் வாத்தியப் பாகங்கள் கிடைத்தன. அவற்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து முழுக்குறிப்பைத் திரும்ப உருவாக்கி, 1945 அக்டோபர் 17 அன்று மாஸ்கோவில் வாசித்தார்கள். அதே கன்சர்வேட்டரியில் 2015இல் கட்டடச் சீரமைப்புக்காக நூலகத்தை இடம் மாற்றியபோது, ஸ்ட்ராவின்ஸ்கி தன் குரு ரிம்ஸ்கி-கோர்சகோவின் நினைவாக 1908இல் எழுதிய 'இறுதிச்சடங்குப் பாடல்' கிடைத்தது, அதுவும் பாகங்களாகவே. 2016 டிசம்பரில் மீண்டும் ஒலித்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது தொலைந்துபோனதாகவே எல்லோரும் நம்பினார்கள். இருந்ததோ நூலகத்துக்குள்ளேயே. பட்டியலில் மட்டும் இல்லை.

அதனால்தான் விவரப்பட்டியல் எழுதுவதைப் பராமரிப்புக்குச் சமமான வேலையாக நினைக்க வேண்டும். தொகுப்பு முழுவதையும் பற்றி ஒரு முன்னுரை. பிறகு இசை, கடிதம், வணிகம், நிகழ்ச்சித்தாள், ஒளிப்படம், ஒலி என்று பிரிவுகள். பிறகு பெட்டி, உறை. தாளுக்குத் தாள் விவரிக்க எந்த நூலகத்திடமும் ஆள் இல்லை. இசைக் கைப்பிரதிகளைத் தனித்தனியாகவும் மற்றவற்றை உறை அளவிலும் விவரிப்பதே நடைமுறை. முழுமையான பட்டியலுக்காகப் பத்தாண்டு காத்திருப்பதைவிட, சுருக்கமான பட்டியலை ஓராண்டில் வெளியிடுவது மேல் என்பது எங்கள் கருத்து.

ரஷ்யத் தொகுப்பில் பட்டியலிடுபவரைக் கவிழ்ப்பவை பெயரும் தேதியும். லீனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது கரோலினா கொதினா. மேடையில் லீனா லுபேரா. திருமணத்துக்குப் பின் லீனா புரோகோஃபீவா. மூன்று பெயரும் ஒருவரே என்று இணைக்கும் பெயர்க் கோப்பு இல்லாவிட்டால் கடிதங்கள் மூன்று பெண்களுக்குப் பிரிந்துபோகும். இசையமைப்பாளரின் பெயரே ரோமன் எழுத்தில் பாரிஸ், நியூயார்க் நிகழ்ச்சித்தாள்களில் ஒரு மாதிரியும் நூலக ஒலிபெயர்ப்பு முறையில் வேறு மாதிரியும் இருக்கும். நெருங்கியவர்கள் 'செர்யோஷா' என்று மட்டும் விளித்திருப்பார்கள். ஊர்ப்பெயரும் நிற்காது: 1914 வரை பீட்டர்ஸ்பர்க், பிறகு பெத்ரோகிராத், 1924 முதல் லெனின்கிராத், 1991இல் மறுபடி பீட்டர்ஸ்பர்க். கடிதத்தில் உள்ள பெயரை அப்படியே எழுதி, நிலையான வடிவத்தை இன்னொரு புலத்தில் கொடுங்கள்.

தேதிக்கு வருவோம். ரஷ்யாவில் 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. அதற்கு முன் பழைய ஜூலியன் நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டில் 12 நாள், 20ஆம் நூற்றாண்டில் 13 நாள் பின்தங்கியது. மேலே சொன்ன சிம்பொனியின் அரங்கேற்றம் பழைய கணக்கில் மார்ச் 15, புதிய கணக்கில் மார்ச் 27. பீட்டர்ஸ்பர்கிலிருந்து பாரிஸுக்கு எழுதிய கடிதமும் பாரிஸிலிருந்து வந்த பதிலும் வெவ்வேறு நாட்காட்டியில் இருந்தால், கேள்விக்கு முன்பே பதில் வந்தது போலத் தோன்றும். பட்டியலில் இரண்டு தேதியும் வேண்டும். எழுத்துமுறையும் துணைக்கு வரும்: 1918 சீர்திருத்தத்தில் 'யாத்' முதலிய சில எழுத்துகள் நீக்கப்பட்டன. ஆனால் புலம்பெயர்ந்தவர்கள் பலர் பழைய முறையைக் கைவிடவில்லை. ஆகவே பழைய எழுத்து இருக்கிறது என்பதாலேயே 1918க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒலித்தட்டு காத்திருக்காது

காகிதம் பொறுக்கும். அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள தட்டு பொறுக்காது. 1930களிலும் 40களிலும் வீட்டிலும் வானொலி நிலையத்திலும் உடனடிப் பதிவுக்குப் பயன்பட்டது இதுதான். பூச்சுக்குள் இருக்கும் விளக்கெண்ணெய் சிதைந்து வெண்மாவாக வெளியே கசியும். பூச்சு சுருங்கி வெடித்துத் தகட்டிலிருந்து உரியும். உரிந்தபின் மீட்க ஒன்றும் இல்லை. தொகுப்பில் எதை முதலில் எண்மயமாக்குவது என்ற கேள்விக்கு எங்கள் பதில் எப்போதும் இந்தத் தட்டுகள்தான். அதுவரை செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.

1940 டிசம்பரில் ரக்மானினோவ் தம் 'சிம்பொனி நடனங்கள்' படைப்பை நடத்துனர் ஆர்மண்டிக்குப் பியானோவில் வாசித்துக் காட்டியது இப்படியொரு தனிப்பதிவாக எஞ்சியது. அது இருந்தது ரக்மானினோவின் தொகுப்பில் அல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உள்ள ஆர்மண்டியின் தொகுப்பில். தட்டைப் பற்றிய பட்டியல் குறிப்பில் பியானோ வாசிப்பவர் ரக்மானினோவ் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போனதால் 2018இல் உலகம் அதைக் கேட்டது.

படமெடுத்தல், உரிமை, வாசிப்பறை

கைப்பிரதியை நிறத்தோடு, குறைந்தது அங்குலத்துக்கு 400 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில், சுருக்கம் செய்யாத டிஃப் கோப்பாக எடுக்க வேண்டும். கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் நீலப் பென்சிலில் நடத்துனர் எழுதியதும் மையில் இசையமைப்பாளர் எழுதியதும் ஒன்றாகிவிடும். 35க்கு 27 செ.மீ. தாள் ஒன்று இந்த அளவில் ஏறக்குறைய 70 மெகாபைட். 300 பக்க முழுக்குறிப்பு 21 ஜிகாபைட். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கோப்பு மாறவில்லை என்பதைச் கோப்பிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண் கொண்டு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். அது வெற்று என்று தெரிவதும் தகவல்.

படமெடுத்ததால் வெளியிடும் உரிமை வந்துவிடாது. கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். ரஷ்யச் சட்டத்தில் பொதுவாக எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும். 1941 முதல் 1945 வரையிலான போர்க்காலத்தில் உழைத்த படைப்பாளிகளுக்கு மேலும் 4 ஆண்டு. ஒரு கடிதக் கட்டில் இருபது பேர் எழுதியிருந்தால் இருபது கணக்கு.

வாசிப்பறைக்குப் போகிறவர் முதலில் பட்டியலைப் படித்து, பெட்டி எண்ணோடு முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஓர் உறை. உறையை எடுத்த இடத்தில் அடையாள அட்டை. தாள் வரிசை தவறாகத் தெரிந்தாலும் நீங்களே மாற்றாமல் பணியாளரிடம் சொல்லுங்கள். குறிப்பெடுக்கும்போது முகவரியை முழுமையாக எழுதுவது புதியவர்கள் தவறவிடும் விஷயம். ரஷ்யக் காப்பகங்களில் அது நான்கு படி: 'ஃபோண்ட்' என்பது தொகுதி, 'ஓபிஸ்' என்பது அதன் பட்டியல், பிறகு சேமிப்பு அலகின் எண், கடைசியாக 'லிஸ்த்' எனப்படும் தாள் எண். அங்கே எண் பக்கத்துக்கு அல்ல, தாளுக்கு. தாளின் பின்பக்கத்தைப் படித்திருந்தால் எண்ணோடு 'பின்பக்கம்' என்றும் குறியுங்கள். இல்லையென்றால் உங்களுக்குப் பின் வருபவர் முன்பக்கத்தில் இல்லாத வரியைத் தேடிக்கொண்டிருப்பார்.